ஒற்றைக்காலோடு மேடையேறியவர்

அன்புள்ள செல்வி,

உன் குழு நையாண்டி நாடகம் தேடுகிறது என்று எழுதியிருந்தாய். ஆங்கில நாடகாசிரியரும் நடிகருமான சாமுவேல் ஃபூட்டைப் படி. 1720-இல் கார்ன்வாலில் பிறந்தவர். தாய்மாமன்களில் ஒருவர் இன்னொருவரைக் கப்பலில் வைத்துக் கொன்ற வழக்கையே சிறு நூலாக எழுதியவர். வம்புக்கு அஞ்சாத பிறவி.

1737-ஆம் ஆண்டுச் சட்டம் லண்டனில் இரண்டே கொட்டகைகளுக்குத்தான் வசன நாடக உரிமையை விட்டுவைத்தது. அந்தத் தடையைத் தாண்ட, ஃபூட் 1747-இல் ஹேமார்க்கெட் கொட்டகைக்கு ஜனங்களைச் சாக்லேட் பானம் குடிக்க அழைத்தார். அது தயாராகும்வரை இளம் நடிகர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன், பார்த்துக்கொண்டிருங்கள் என்பார். அந்தப் பயிற்சிதான் நாடகம்! ஊர்ப் பிரமுகர்களின் நடை, குரல் எல்லாம் அதில் வந்துவிடும்.

ஒன்றை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. 1762-இல் மரக்கால் வைத்திருந்த டப்ளின் பதிப்பாளர் ஜார்ஜ் ஃபால்க்னரை மேடையில் நொண்டிக் காட்டினார். அந்த மனிதர் வழக்கே போட்டார். நான்கு ஆண்டு கழித்து, யார்க் கோமகனின் குதிரையிலிருந்து விழுந்து ஃபூட்டே ஒரு காலை இழந்தார். மனம் வருந்திய கோமகன், கோடைக்காலத்தில் ஹேமார்க்கெட்டில் நாடகம் போட ஆயுள் உரிமை வாங்கிக் கொடுத்தார். பிறகும் ஃபூட் ஓயவில்லை. ‘நொண்டிக் காதலன்’ என்றொரு நாடகம் எழுதி, மரக்காலோடு தானே நடித்தார். அந்த மனவுறுதியை நினைத்தால் எனக்குக் கண் கலங்குகிறது.

நீ முதலில் படிக்கவேண்டியது 1772-இல் வந்த ‘நவாப்’. வங்காளப் பஞ்சத்துக்குப் பிறகு கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் மேல் லண்டனில் கோபம் ஏறியிருந்த நேரம். இந்தியாவில் சுருட்டிய பணத்தோடு திரும்பும் மேத்யூ மைட், கடனில் மூழ்கிய குடும்பத்துப் பெண்ணையும் நாடாளுமன்ற இடத்தையும் விலைக்கு வாங்கப் பார்க்கிறான். நம் மண்ணில் அடித்த கொள்ளையை அவர்கள் ஊர் மேடையிலேயே நிறுத்திக் கேட்ட எழுத்து இது.

1775-இல் கிங்ஸ்டன் கோமகளை நையாண்டி செய்து எழுதினார். அரங்கேறும் முன்பே தடை வந்தது. பத்திரிகைகளில் ஃபூட் மேல் வசை கிளம்பியது. அவரிடம் வேலையிலிருந்து நீங்கிய பணியாள் ஒருவன், தன்னை ஃபூட் பாலியல் பலாத்காரம் செய்ய முயன்றதாக வழக்குத் தொடுத்தான். 1776 டிசம்பரில் ஜூரி அவரை விடுவித்தது. ஆனால் உடம்பு தேறவில்லை. பிரான்சுக்குப் புறப்பட்டவர் 1777 அக்டோபரில் டோவரிலேயே இறந்தார்.

உங்கள் நாடகத்தில் பெரிய மனிதர்களை எவ்வளவு வேண்டுமானாலும் கேலி செய்யுங்கள். ஃபால்க்னர் போன்றவர்களின் உடற்குறையைத் தொடாதீர்கள். ‘நவாப்’ படித்ததும் மைட் வேஷம் யாருக்கென்று எழுது.

அன்புடன்,
அத்தை