படத்தில் ஒரு புள்ளி

திண்டிவனத்தில் தங்கைக்கு அறுவை சிகிச்சையில் பெண் குழந்தை பிறந்தது. நான்காம் நாள் தலைவலி என்றாள். மறுநாள் விழுப்புரத்தில் எடுத்த எம்.ஆர்.ஐ. அறிக்கை, மூளையிலிருந்து இரத்தம் வடியும் இடது குறுக்குச் சிரைக்குழலில் நிரம்பாத இடம் ஒன்று தெரிவதாகவும், அது இரத்த உறைவா எனப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னது.

அந்த வரியை நாங்கள் மாறி மாறிப் படித்தோம். அம்மா படிக்கவில்லை. பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் ஆகாது என்று டம்ளரில் அளந்து கொடுத்தவர் அவர். பிரசவத்துக்குப் பின் இரத்தம் எளிதில் உறையும். உடலில் நீர் வற்றினால் இன்னும் எளிது. நம் நாட்டு இளம் தாய்மார்களை மூளைச் சிரை உறைவு தாக்குவதைப் பற்றிப் பெங்களூரு நிம்ஹான்ஸ் நரம்பியலாளர்கள் தொடர்ந்து எழுதியிருக்கிறார்கள். அம்மா அதையெல்லாம் அறியார். ஆனால் எங்கள் முகங்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்.

புதுச்சேரியில் நரம்பியல் மருத்துவர் படங்களைத் திரையில் ஒவ்வொன்றாக நகர்த்தி நெடுநேரம் பார்த்தார். உறைவு பெரும்பாலும் குழலின் நீளத்துக்குப் படரும், குழலைப் புடைக்கச் செய்யும் என்றார். இதுவோ உளுந்தளவு வட்டம், ஓரம் தெளிவானது. மூளையைச் சூழ்ந்த நீர் ஒவ்வொரு படத்திலும் எந்த நிறமோ, இதுவும் அந்த நிறம். மூளையுறையான சிலந்திச் சவ்வு குழலுக்குள் நீட்டும் இயல்பான மொட்டு. இத்தாலிய உடற்கூற்றியலாளர் பாக்கியோனி 1705இலேயே இவற்றை விவரித்துவிட்டார். இடக்குழல் வலத்தைவிடக் குறுகியிருப்பதும் பலருக்கு இயல்புதானாம்.

"எதுக்கும் மருந்தை ஆரம்பிச்சிடலாமே, சார்?" என்றார் மைத்துனர்.

"புதுத் தையல் இருக்கு தம்பி. இல்லாத உறைவுக்கு மருந்து கொடுத்தா அங்க ரத்தம் கசியும். இருக்கிற உறைவை விட்டுட்டா உயிருக்கே ஆபத்து. அதனாலதான் இவ்வளவு நேரம் பார்க்கிறேன்."

உட்கார்ந்தால் கூடி, படுத்தால் தணியும் வலி அது. மயக்க ஊசி முதுகில் இட்ட துளை வழியே நீர் கசிந்ததன் விளைவு. ஓய்வும், காபியும், தாராளமாகத் தண்ணீரும் போதும். வலியின் தன்மை மாறினாலோ, வலிப்போ பார்வை மங்கலோ வந்தாலோ உடனே வர வேண்டும் என்றார்.

திரும்பும் வழியில் யாரும் அம்மாவைக் குறை சொல்லவில்லை. அவர் அளந்து கொடுத்தபோது நாங்களும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். வீடு வந்ததும் அவர் செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து தங்கையின் தலைமாட்டில் வைத்தார். அந்த டம்ளரை அதன்பின் நாங்கள் பார்க்கவில்லை.