ஒத்த நியாயம்

ஒருவர் கூறும் பொருளைக் கேட்டறிதல் எளிது. அப்பொருளை அவர் நிலைநாட்டும் முறையைக் கேட்டறிதல் அரிது. கூறப்படுவது உவப்பான விஷயமாயின் முறையை ஆராயாமலே தலையசைக்கின்றோம். வெறுப்பானதாயின் முறை செவ்விதாயிருப்பினும் முகஞ்சுளிக்கின்றோம். மக்களிடம் பொதுவாயுள்ள இவ்வியல்பைச் சோதிக்கும் வினாவகை ஒன்றனைச் சென்ற ஆண்டில் யாம் நெருங்கிப் பயில நேர்ந்தது. அதனைக் குறித்து நம் கலாசாலை அன்பர்க்குச் சில கூற விழைகின்றோம்.

நம் கலாசாலையிற் பயின்று வெளியேறிய மாணவி ஒருவர் அமெரிக்கா சென்று சட்டம் பயிலும் வேட்கையுடையராயிருந்தார். தந்தையார் ஆரம்பப் பாடசாலை ஆசிரியர். உதவிப்பணம் கிடைத்தாலன்றிப் பயணம் கைகூடாது. அந்நாட்டுச் சட்டக் கலாசாலைகள் உதவிப்பணம் வழங்குங்கால் எல்ஸாட் என்னும் பரீட்சையின் மதிப்பெண்ணைப் பெரிதும் நோக்குவன. 1948ஆம் ஆண்டில் முதன்முதல் நடத்தப்பெற்ற அப்பரீட்சையில் மதிப்பெண் 120 முதல் 180 வரை அமையும். 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் முதல் மதிப்பெண்ணுக்குரிய மூன்று பகுதிகளுள் இரண்டு தருக்க வினாக்களாகவே உள்ளன. ஒரு பகுதிக்கு 35 நிமிஷம்; வினாக்கள் ஏறக்குறைய 25. தருக்க நூலில் எமக்குச் சிறிது பழக்கம் உண்டென்பது பற்றி, மாலைதோறும் உடனிருந்து பயிற்றுமாறு அம்மாணவி வேண்ட, யாமும் இசைந்தோம்.

அவரை மிகவும் வருத்தியவை ஒத்த நியாய வினாக்களே. ஒரு பகுதியில் அவை ஒன்றோ இரண்டோதான் வரும். ஆயினும் அவற்றின் நீளத்தைக் கண்டே பலர் அஞ்சுவர். முதலில் ஒரு நியாயம் தரப்படும். அதன் கீழ் ஐந்து நியாயங்கள் விடைகளாக நிற்கும். அவ்வைந்தனுள் மூல நியாயத்தின் வடிவோடு ஒத்தது எது என்பதே வினா. ஒரு சிறு உதாரணம் காட்டுவோம். ‘மழை பெய்திருப்பின் திடல் நனைந்திருக்கும், திடல் நனையவில்லை, ஆகவே மழை பெய்யவில்லை’ என்பது மூலமாகுக. ‘மழை பெய்திருப்பின் ஆறு பெருகியிருக்கும், ஆறு பெருகியுள்ளது, ஆகவே மழை பெய்தது’ என்பது ஒரு விடை. ‘ஆசிரியர் வந்திருப்பின் அறை திறந்திருக்கும், அறை திறக்கப்படவில்லை, ஆகவே ஆசிரியர் வரவில்லை’ என்பது மற்றொரு விடை. முன்னையதில் மழையும் நீரும் இருத்தலின் கண் அங்கே செல்லும். ஆனால் ஒப்புடையது பின்னையதே. மழையை நாடிச் செல்வோன் வலையில் வீழ்வான். அவ்வலை வேண்டுமென்றே விரிக்கப்பட்டது.

இவ்வினாக்களை விடுவிக்க யாம் கைக்கொண்ட முறை வருமாறு. முதற்கண் முடிவை நோக்குக. மூலத்தின் முடிவு ‘உறுதி’ என்று கூறுமாயின் ‘கூடும்’ என்று முடியும் விடைகளை உடனே நீக்கலாம்; அது ‘சிலர்’ எனின் ‘எல்லாரும்’ என்பது ஒவ்வாது. ஐந்து விடைகளையும் முற்றப் படியாமலே பல வேளைகளில் இரண்டு மூன்று கழிந்துவிடும். பின்னர் ஏதுக்களை எண்ணுக. அவற்றுள் எது பொதுவிதி, எது தனிச்செய்தி என்று பகுத்தறிக. பொருட்சொற்களை நீக்கி அ, ஆ, இ என எழுத்துக்களை இட்டுப் பார்ப்பின் வடிவம் தெளிவுறும். வாக்கியங்களின் வரிசை ஒரு பொருட்டன்று. முடிவு முதலில் வரினும் இறுதியில் வரினும் நியாயம் ஒன்றே.

‘பெரும்பாலோர்’ என்னும் சொல் வருமிடத்து இரட்டிப்பான விழிப்பு வேண்டும். ‘விடுதி மாணவருட் பெரும்பாலோர் காப்பி பருகுவர்; விடுதி மாணவருட் பெரும்பாலோர் பந்தாடுவர்; ஆகவே காப்பி பருகுவோருட் சிலரேனும் பந்தாடுவர்’ என்பது குற்றமற்ற நியாயம்; ஒரே கூட்டத்தின் பாதிக்கு மேற்பட்ட இரு பகுதிகள் எங்கேனும் சந்தித்தே தீரும். ‘விடுதி மாணவருட் பெரும்பாலோர் காப்பி பருகுவர், காப்பி பருகுவோருட் பெரும்பாலோர் பந்தாடுவர், ஆகவே விடுதி மாணவருட் சிலர் பந்தாடுவர்’ என்பதோ போலி. உலகிற் காப்பி பருகுவோர் பலர். அவருட் பந்தாடுவோர் அனைவரும் விடுதிக்குப் புறம்பானவராகவும் இருக்கலாம். செவிக்கு இரண்டும் ஒரே ஓசையினவே, வலிமையில் வேறு.

இனி, மூல நியாயம் குற்றமுடையதாயின் விடையும் அக்குற்றமே உடையதாதல் வேண்டும். குற்றமற்ற விடையும் ஆகாது; வேறு குற்றமுடைய விடையும் ஆகாது. நன்மாணாக்கர்க்கு இது முதலில் மனம் பொருந்தாது. பிழையான ஒன்றனைச் சரியான விடையென்று தெரிவதற்குக் கை கூசும். அம்மாணவியும் பன்னாள் கூசினார். அக்கூச்சம் நீங்கிய விதத்தை இங்கே கூறுதல் தகும்.

அவர் அந்நாளிற் பெண்கள் விடுதி ஒன்றில் தங்கி வேலை பார்த்து வந்தார். அங்கே ஒருவரது பணம் காணாமற் போயிற்று. ‘எடுத்தவர் எவராயினும் அறையினுள் நுழைந்தவராதல் வேண்டும், பெருக்கும் ஆயா அறையினுள் நுழைந்தாள், ஆகவே அவளே எடுத்தாள்’ என்று கூடியிருந்தோர் ஒருவாய்ப்படக் கூறினர். மறுநாள் முதல் ஆயா வரவேண்டாமென்று விடுதித் தலைவியார் சொல்லும் தறுவாயில் நம் மாணவி எழுந்து, “அம்மா, பரிசு பெற்றவர் எவராயினும் பரீட்சை எழுதியவராதல் வேண்டும். இங்குள்ள நாங்கள் அனைவரும் பரீட்சை எழுதியவர்களே. அப்படியானால் எங்கள் அனைவருக்கும் பரிசு கிடைத்திருக்க வேண்டுமே?” என்றார். முதலிற் சிரிப்பு எழுந்தது; பின்னர் ஒருவரும் பேசவில்லை. பணம் இறுதிவரை அகப்படவில்லை. எடுத்தவர் யாரென்பதும் தெரியவில்லை. ஆனால் ஆயாவின் வேலை நிலைத்தது. அவள் எடுக்கவில்லை என்று மாணவி நிறுவினாரல்லர். அந்த நியாயம் அவளைக் குற்றவாளியாக்காது என்பதையே நிறுவினார். அது போதுமானதாயிற்று.

குற்றமுடைய நியாயத்திற்கு அதே குற்றமுடைய துணையைத் தேடுவதன் பயன் இதுவே. வேறொரு பொருளின் மீது அதே சட்டையை அணிவித்துக் காட்டியவுடன் கிழிசல் யாவர்க்கும் புலனாகின்றது. மணிமேகலையின் 29ஆம் காதையில் பக்கம், ஏது, திட்டாந்தம் என்னும் உறுப்புக்களும் அவற்றின் போலிகளும் விரித்துரைக்கப்படுகின்றன. மலையிற் புகை கண்டு நெருப்பு உண்டெனத் துணிவோன் அடுக்களையை எடுத்துக்காட்டுதல் வேண்டுமென்ற பழைய தருக்கநூலார், நியாயத்தை அதன் துணையோடு வைத்தே நோக்கினர் என்பது எம் கருத்து.

சட்டம் பயில்வோர்க்கு இச்சோதனை ஏன் வைக்கப்பட்டது என்பதும் எளிதில் விளங்கும். 1870ஆம் ஆண்டில் ஹார்வர்ட் சட்டக் கலாசாலையின் தலைமையை ஏற்ற லாங்டெல் என்பார், முடிந்த வழக்குகளின் தீர்ப்புக்களையே பாடமாக வைத்துப் பயிற்றும் முறையைப் புகுத்தினார். முன்னைய தீர்ப்பு இன்றைய வழக்கிற்குப் பொருந்துமா என்று காண்பதே அங்குள்ள நாட்பயிற்சி. வழக்குகளை ஒப்பிடுவோன் வடிவத்தோடு பொருளையும் நோக்கவேண்டுமென்பது மெய்யே. பரீட்சை வடிவத்தை மட்டும் கேட்கின்றது. எனினும் வடிவத்தைத் தனியே காணத் தெரியாதவன், செல்வன் வழக்கில் ஒரு நியாயமும் ஏழை வழக்கில் மற்றொரு நியாயமும் கூறிவிட்டு, இரண்டும் ஒன்றென்றே நம்பியிருப்பான்.

மாணவி பரீட்சை எழுதி, உதவிப்பணமும் பெற்று, இப்பொழுது கடல் கடந்து பயில்கின்றார். பரீட்சை எழுதாத நம்மவர்க்கும் அப்பயிற்சி உதவுவதே. உவப்பான முடிவொன்றைக் கேட்குந்தோறும், அதே வடிவில் உவப்பற்ற முடிவொன்றை அமைத்துப் பார்ப்போமாக. பின்னையதை ஏற்க மனம் மறுக்குமாயின், முன்னையதையும் மீண்டும் ஒருமுறை நிறுத்துப் பார்த்தல் நம் கடன்.