ஓசிச் சாப்பாட்டுக்கு ஒரு கணக்கு

2022 ஜூனில் கார்டீலியா என்ற சொகுசுக் கப்பல் புதுச்சேரிக் கடலில் வந்து நின்றது ஞாபகமிருக்கிறதா? உள்ளே கேசினோ இருக்கிறது என்று எதிர்ப்புக் கிளம்ப, அனுமதி கிடைக்காமல் அப்படியே திரும்பிப் போனது. சூதாட்ட மேஜை ஊருக்குள் வரவில்லை. ஊர்க்காரர்கள்தான் அதைத் தேடி கோவாவுக்கும் கொழும்புக்கும் போகிறார்கள்.

எங்கள் தெருவில் பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கும் சொல்தா ஒருவர் இருக்கிறார். கொழும்பில் பிளாக்ஜாக் ஆடிவிட்டு வந்து சொன்னார்: "ரூம் ஃப்ரீ, சாப்பாடு ஃப்ரீ, ஏர்போர்ட்டுக்குக் கார் ஃப்ரீ. மாப்பிள்ளையைக்கூட இப்படிக் கவனிக்க மாட்டாங்க தம்பி!"

இந்தச் சலுகைக்கு 'காம்ப்' என்று பெயர். நீங்கள் ஜெயித்தீர்களா, தோற்றீர்களா என்பது அவர்களுக்கு முக்கியமில்லை. ஆட்டத்துக்கு எவ்வளவு கட்டினீர்கள், எத்தனை மணி நேரம் உட்கார்ந்தீர்கள் என்று குறித்துக்கொண்டு, நீங்கள் தோற்க 'வேண்டிய' தொகையைக் கணக்குப் போடுவார்கள். அதில் ஒரு பங்குதான் பிரியாணியாகத் திரும்பி வருகிறது.

உதாரணத்துக்கு, ஆட்டத்துக்கு 1,000 ரூபாய், மணிக்கு 60 ஆட்டம், 4 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 2,40,000 ரூபாய் புரளும். உங்களை 2 சதவிகிதம் தோற்கிற ஆள் என்று எடைபோட்டால் 4,800. அதில் 30 சதவிகிதம், அதாவது 1,440 ரூபாய்க்கு உபசாரம். ஆனால், எந்தச் சீட்டுக்கு என்ன செய்வது என்ற அட்டவணை பிசகாமல் ஆடினால் சராசரி நஷ்டம் அரை சதவிகிதம், 1,200தான். ஆக, 240 ரூபாய் லாபம்!

இந்த லாபத்தைப் பெருக்க வழி சொல்லி மாக்ஸ் ரூபின் 1994-ல் 'காம்ப் சிட்டி' என்று புத்தகமே எழுதினார். சாமர்த்தியசாலிகள் மேற்பார்வையாளர் பார்க்கும்போது பெரிதாகக் கட்டுவார்கள். அவர் நகர்ந்ததும் குறைப்பார்கள். கூட்டமான மேஜையாகப் பார்த்து உட்கார்வார்கள். அடிக்கடி பாத்ரூம் போவார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, முகத்தில் அசட்டுக்களை வேண்டும். கெட்டிக்காரன் என்று தெரிந்தால் உபசாரம் நின்றுவிடும். புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்த அதே 1962-ல், சீட்டுகளை எண்ணி ஜெயிக்கலாம் என்று எட்வர்ட் தார்ப் புத்தகம் போட்டார். அன்றிலிருந்தே கேசினோக்களுக்குக் கெட்டிக்காரர்களைக் கண்டால் ஆகாது.

சரி, நாமும் போகலாமா என்கிறீர்களா? மிச்சக் கணக்கையும் கேளுங்கள். அந்த 240 ஆட்டத்தில் அதிர்ஷ்டம் மட்டுமே சுமார் 17,000 ரூபாய் மேலேயோ கீழேயோ தூக்கிப் போடும். மூன்று ராத்திரியில் ஒரு ராத்திரி அதையும் தாண்டும். 240 ரூபாய்க்கு இத்தனை ஆபத்து!

சொல்தாவிடம் காகிதத்தில் போட்டுக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். பதில் உள்ளேயிருந்து வந்தது, அவர் மனைவியிடமிருந்து.

"நல்லா எழுதிக் காட்டுங்க தம்பி. அந்த ஃப்ரீ ரூமுக்குத்தான் என் வளையல் ரெண்டும் அடகுல கிடக்கு."