போருக்குப் போன மாடி பஸ்

சுவாமியைக்கூட நாம் வாகனம் இல்லாமல் விட்டுவைக்கவில்லை. உற்சவம் முடிந்ததும் ரிஷபத்தையும் கருடனையும் துடைத்து, வாகன மண்டபத்தில் பத்திரமாக வைத்துவிடுகிறோம். ஆனால் நம்மைத் தினமும் சுமக்கிற பஸ்ஸுக்கு அந்தப் பாக்கியம் கிடையாது. ஓடுகிறவரையில் வசவு, நின்றுபோனால் பழைய இரும்பு.

இந்த விதிக்குத் தப்பிய லண்டன் மாடி பஸ் ஒன்று உண்டு. எண் பி 43, பிறந்தது 1911ல். குதிரை பஸ்களுக்கு லண்டன் ஜெனரல் கம்பெனி விடைகொடுத்த வருஷமும் அதுதான். பெரிய அழகி என்று சொல்வதற்கில்லை. கெட்டி ரப்பர் சக்கரம். கீழே 16 பேர், கூரையில்லாத மாடியில் 18 பேர். மழை பெய்தால் மாடிக்காரர்களோடு டிரைவரும் நனைய வேண்டியதுதான். காலையில் ஆபீஸ், சாயங்காலம் வீடு என்று மூன்று வருஷம் ஜனங்களைச் சுமந்தது.

1914ல் மகாயுத்தம் மூண்டது. துருப்புகளை ரயிலடியிலிருந்து போர்முனைக்கு அவசரமாகக் கொண்டுபோக ராணுவத்திடம் போதிய வண்டிகள் இல்லை. லண்டன் தெருக்களிலிருந்து 900க்கு மேற்பட்ட பஸ்கள் கடல் கடந்தன. பல வண்டிகளுடன் அவற்றின் டிரைவர்களும் போனார்கள். பிறகு சிவப்பின் மேல் காக்கி ஏறியது; ஜன்னல் கண்ணாடி போய்ப் பலகை வந்தது. தூது போகும் புறாக்களுக்குக் கூடாக மாறிய பஸ்ஸும் உண்டு. முழுச் சுமையோடு சுமார் 25 சிப்பாய்கள் ஒரு வண்டியில் ஏறுவார்கள். 1914 அக்டோபரில் ஈப்ரே போர்முனைக்குச் சென்ற இந்தியச் சிப்பாய்களிலும் சிலர் அப்படி பஸ்ஸில் போனவர்களே. பஞ்சாபிலிருந்தும் எல்லைப்புறத்திலிருந்தும் வந்தவர்களுக்கு, பெல்ஜியத்தின் கல் பாவிய சாலையில் அந்த மாடி எப்படி ஆடியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

பி 43 யுத்தம் முடிந்து திரும்பி வந்தது. 1920ல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அதில் ஏறினார். மன்னர் ஒருவர் பஸ்ஸில் கால் வைத்தது அதுவே முதல் தடவையாம். ஆனால் வண்டிக்கு அமைந்த பெயர் மன்னருடையதல்ல. புரூஸ் பேர்ன்ஸ்ஃபாதர் என்ற சிப்பாய்ச் சித்திரக்காரர் படைத்த, அடர்ந்த மீசையும் அலுப்பும் கொண்ட கிழட்டுச் சிப்பாயின் பெயர்: 'ஓல் பில்'. அதைக் காப்பாற்றியவர்கள் யுத்தகால பஸ் படையில் பணிபுரிந்தவர்களின் சங்கத்தார். யுத்த நிறுத்த நாள் ஊர்வலங்களில் தங்களோடு அழைத்துப் போனார்கள். அவர்களுக்கும் வயதாயிற்று, 1970ல் அது இம்பீரியல் யுத்த மியூசியத்தைச் சேர்ந்தது.

மன்னர் ஏறியதால் வண்டிக்குப் பெருமை என்று சிலர் நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ராத்திரியில் விளக்கில்லாத சாலையில், பின்னால் இருப்பவர்கள் பேச்சடங்கி உட்கார்ந்திருக்க, வண்டியை ஓட்டியவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். லண்டனில் காலையில் ஏற்றிப் போனவர்களை அவன் சாயங்காலம் திரும்ப அழைத்து வந்தவன். இங்கே இறக்கிவிட்டவர்களில் எத்தனை பேரைத் திரும்பி வரும்போது பார்த்தானோ! டிக்கெட் வாங்காமல் ஏறியவர்கள் அவர்கள். கணக்கு வைக்கக் கண்டக்டரும் இல்லை. அந்தக் கணக்கு தன் நெஞ்சில் இருந்ததனால்தான் அவன் வண்டியைப் பழைய இரும்புக்குப் போக விடவில்லை போலும்.