முதலில் பழம், பிறகு போத்தல்

* இலங்கையின் மாத்தளையிலிருந்து ஏ9 வீதியில் வடக்கே போனால் வாசனைத் திரவியத் தோட்டங்கள், நாவுல, அப்புறம் தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையம். மாம்பழமும் அன்னாசியும் பப்பாப்பழமும் லொறி லொறியாக வந்து இறங்குகிற இடம். நுரைக்கும் வைனில் பழச்சாறு கலந்து பருக ஆசைப்படுகிறவர் முதலில் போகவேண்டியது பழக்கடைக்கு.

* இப்படிக் கலக்கும் பானங்களில் ஒன்று பெலினி: வெனிஸ் நகரத்து ஹரிஸ் பாரில் ஜூசெப்பே சிப்ரியானி 1948இல் உருவாக்கியது; ஓவியர் ஜொவான்னி பெலினியின் பெயர். வெள்ளை பீச் பழக்கூழ் ஒரு பங்கு, புரொசெக்கோ என்ற இத்தாலிய நுரைக்கும் வைன் இரண்டு பங்கு. மிமோசா இன்னும் சுலபம்: தோடம்பழச் சாறும் ஷாம்பெயினும் சரிபாதி.

* பீச்சைத் தேடி அலைய வேண்டாம், மாம்பழம் போதும். நன்றாகக் கனிந்ததை அடித்து, நார் நிற்கும்படி வடிகட்டி, தேசிப்புளி சில துளி விட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். சீனி போடுமுன் ருசி பாருங்கள், பெரும்பாலும் தேவைப்படாது.

* கொடித்தோடை என்றால் மிக்ஸியை விட்டுவிட்டுக் கரண்டியால் மசித்து வடிப்பதே மேல். விதை உடைந்தால் சாறெங்கும் கறுப்புத் துகள். புளிப்புக் கூடிய பழம். இதற்கு மட்டும் ஒரு கரண்டி சீனிப்பாகு.

* அன்னாசிக்கு உப்பும் மிளகாய்த்தூளும் தூவித் தின்கிற ஊர் இது. அன்னாசிச் சாறு ஊற்றிய கிளாசில் மாத்தளை மிளகு ஒரு சிட்டிகை இடித்துப் போட்டால் குறைவொன்றுமில்லை.

* ஷாம்பெயின் போத்தலுக்குள் ஐந்தாறு வளிமண்டல அழுத்தம். கார் டயரில் இருப்பதைவிட இரண்டு மடங்குக்கு மேல். சூடேறிய போத்தல் சீறும், வாயு போய்விடும். ஐஸும் தண்ணீரும் கலந்த வாளியில் அரை மணி நேரம் கழுத்துவரை நிறுத்துங்கள். கம்பியைத் தளர்த்தும்போதே கட்டைவிரல் தக்கையின் மேல் இருக்கட்டும். தக்கையைப் பிடித்துக்கொண்டு போத்தலைத் திருப்புங்கள். மெல்லிய 'உஸ்' போதும்.

* கூழ் முதலில், வைன் பிறகு. கிளாசைச் சரித்து, ஓரமாகக் கொஞ்சம் ஊற்றினால் மஞ்சள் நுரை விளிம்புவரை எழும். பழத்துகள்களைப் பற்றிக்கொண்டுதான் குமிழி பிறக்கிறது. அது அடங்கியபின் மீதியை ஊற்றுங்கள். நீளக் கரண்டியால் அடியிலிருந்து ஒரேயொரு முறை கிண்டுங்கள். அதற்குமேல் கிண்டினால் வாயு மிஞ்சாது.

* போத்தல் வாங்கப் போனால், இங்குள்ள வைன் ஸ்டோர்களில் சாராயத்துக்கும் பியருக்கும்தான் முதலிடம். போயா நாளில் கடை பூட்டு. 21 வயதுக்குக் குறைந்தோருக்கு விற்பனை இல்லை. பெண்களுக்கு விற்பதற்கு 1979 முதல் இருந்த தடையை 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர நீக்கினார். சில நாட்களிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதைத் திரும்பப் பெறவைத்தார். பழம் வாங்க வரும் பெண்ணை யாரும் தடுத்ததில்லை.

* குடிக்காதவருக்கும் வாகனம் ஓட்டுகிறவருக்கும் அதே மாம்பழக் கூழில் சோடா, அல்லது ஜிஞ்சர் பியர். கிளாசும் அதே கிளாசாக இருக்கட்டும்.

* விலை கூடிய ஷாம்பெயினைப் பழச்சாற்றில் கலப்பது வீண்செலவு. இனிப்புக் குறைந்த 'ப்ரூட்' வகையில் மலிவானது போதும். மிச்சக் காசுக்கு நல்ல மாம்பழம் வாங்குங்கள்.