மீட்டெடுத்த காய்

விளையாட்டில் தோற்றவன் மீண்டும் ஆடலாம். போரில் தோற்றவனுக்கு அவ்வாய்ப்பு இல்லை. எவரும் அறிந்த உண்மையே இது. ஆயினும் இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதி மயங்கியவர்கள் சிறுவர் மாத்திரம் அல்லர்.

2012ஆம் ஆண்டுச் சித்திரை விடுமுறையில், திருகோணமலை உட்துறைமுகத்தை அண்மித்த வீடொன்றின் விறாந்தையில், இளைப்பாறிய வரலாற்றாசிரியர் ஒருவரும் பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்த அவருடைய பேரனும் பழைய யப்பானியப் போரொன்றை ஆடிக்கொண்டிருந்தனர். 1600ஆம் ஆண்டு ஒக்ரோபர் 21ஆம் நாள் செக்கிகஹாராவில் நிகழ்ந்த அப்போர், யப்பானை இரு நூற்றாண்டுகளுக்கு மேலாகத் தொக்குகாவா குடியினரின் ஆட்சிக்கு உட்படுத்தியது. குன்றுகளையும் பாதைகளையும் பேரன் தடித்த தாளில் வரைந்திருந்தான். கரம் காய்களே சாமுராய்ப் படைகள். காயொன்று ஏறத்தாழ எண்ணாயிரம் வீரரைக் குறித்தது. தாயக்கட்டைக்குப் பதிலாகப் பாட்டியார் வைத்திருந்த சோகிகள் ஐந்து.

மேலைப்படையை நடத்திய இசிதா மிற்சுநாரியாகப் பேரனும், கீழைப்படைத் தலைவர் தொக்குகாவா இயேயாசுவாகப் பாட்டனாரும் ஆடினர். அப்போரின் முடிவு, மற்சுவோ குன்றில் ஏறத்தாழ 15,000 வீரருடன் நின்ற கொபாயகாவா ஹிதேயாக்கியின் கையில் இருந்தது. மேலைப்படையைச் சேர்ந்தவராக நின்ற அவர், போர் மும்முரமான வேளையில் அப்படையையே தாக்கினார். ஒரு மனிதரின் மனத்தடுமாற்றத்தை ஆட்டவிதி ஆக்குவது எங்ஙனம்? சுற்றுத்தோறும் சோகி உருட்டுவதென்றும், நான்கோ ஐந்தோ மல்லாந்தால் அவர் கட்சி மாறுவாரென்றும் பேரன் வகுத்திருந்தான்.

ஐந்தாம் சுற்றில் நான்கு மல்லாந்தன. வெற்றியை எட்டும் நிலையில் இருந்த பேரன் திகைத்தான். "ஒரு சோகி தாளின் விளிம்பில் தட்டுப்பட்டுவிட்டது, அப்பப்பா. திரும்பப் போடுகிறேன்" என்றான்.

பாட்டனார் மறுக்கவில்லை. அதற்குமுன் 1942ஆம் ஆண்டின் செய்தியொன்றைக் கூறினார்.

அவ்வாண்டு ஏப்ரல் 9ஆம் நாட் காலையில் யப்பானிய விமானங்கள் நூற்றுக்கு மேற்பட்டவை திருகோணமலையைத் தாக்கின. துறைமுகமும் சீனன்குடா விமானத்தளமும் சேதமுற்றன. முன்னிரவே துறைமுகத்தை விட்டு வெளியேறியிருந்த ஹேர்மிஸ் என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் அன்றே மூழ்கடிக்கப்பட்டது. அவ்விமானங்களைத் திருகோணமலைக்கு வழிநடத்தி வந்தவர் மிற்சுவோ புச்சிடா. அவர் பின்னாளில் எழுதிய நூலொன்றில் ஒரு மேசைப் போர் வருகின்றது. அடுத்த மாதம் யமாட்டோ போர்க்கப்பலில், மிட்வேத் தாக்குதலுக்கு ஒத்திகையாகத் தளபதிகள் அதனை ஆடினர். கட்டை உருட்டிய நடுவர், ஒன்பது குண்டுகள் பட்டன என்றும் அக்காகி, காகா என்னும் இரு விமானந்தாங்கிகள் மூழ்கின என்றும் தீர்த்தார். தலைமை வகித்த உகாக்கி அவ்வொன்பதை மூன்றாகக் குறைத்தார். அப்போதும் மூழ்கியதாகக் கொள்ளப்பட்ட காகா, அடுத்த ஆட்டத்தில் மீண்டும் மிதந்தது. யூன் 4ஆம் நாள் மிட்வேயில் அவ்விரு கப்பல்களும், உடன்வந்த சோர்யூ, ஹிர்யூ ஆகியனவும் தாக்குண்டன. நான்கும் கடலடியைச் சேர்ந்தன.

"திரும்பப் போடுவது குற்றமில்லை, தம்பி. விளையாட்டு அதற்காகத்தான் இருக்கிறது. ஆனால் முதலில் விழுந்ததையும் எழுதி வை. அவர்கள் அதை நடக்காததாக ஆக்கிவிட்டார்கள்."

இதைச் சொன்ன பாட்டனார் சற்றுநேரம் துறைமுகத்தையே நோக்கியிருந்தார். விமானங்கள் வந்த அன்று அவருக்கு வயது ஏழு. தாயின் கையைப் பற்றிக்கொண்டு தம்பலகாமத்துக்கு நடந்தார். துறைமுகத்தில் கூலிவேலை செய்த தாய்மாமன் பின்னால் வருவதாகச் சொல்லியிருந்தார், வரவில்லை. நிலாவெளி வீதியிலுள்ள போர்க்கல்லறையில் படைவீரரின் பெயர்கள் கல்லிற் பொறிக்கப்பட்டுள்ளன. தாய்மாமனின் பெயர் எக்கல்லிலும் இல்லை. எந்த ஏட்டிலும் இருப்பதாக அவர் அறியார். அன்றுவரை இதனை அவர் பேரனிடம் கூறியதுமில்லை.

இழப்பைக் கணக்கில் வைக்கும் ஆட்டமே எதையேனும் கற்பிக்கும். அதனை அழித்துவிடும் ஆட்டம் ஆடுபவனின் விருப்பத்தையே அவனுக்குத் திருப்பிச் சொல்லும். வரலாற்றுக்கும் இது பொருந்தும்.

பேரன் சோகிகளை மீண்டும் உருட்டவில்லை. தாளின் ஓரத்தில், "ஐந்தாம் சுற்று: நான்கு" என்று எழுதினான். பின்னர் அந்த மாமாவின் பெயரைக் கேட்டு, அதனையும் கீழே எழுதிக்கொண்டான்.