புதுப்பேட்டை: இன்ஜின் நம்பர் கேட்கும் ஊர்

எழும்பூருக்கும் அண்ணா சாலைக்கும் நடுவே, கூவம் வளைந்து திரும்பும் இடத்தில் இருக்கிறது புதுப்பேட்டை. ஆதித்தனார் சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் நடைபாதை என்று தனியாக எதுவும் தெரியாது. கதவுகள், பானெட்டுகள், கியர்பாக்ஸ்கள், கிரீஸ் காயாத சிலிண்டர் ஹெட்டுகள் எல்லாம் கடைக்கு வெளியே வரை அடுக்கியிருக்கும். 2006-இல் செல்வராகவன் இயக்கிய ‘புதுப்பேட்டை’ படத்தால் மட்டும் இந்தப் பெயரை அறிந்தவர்கள் தமிழ்நாட்டில் நிறைய. கார் வைத்திருப்பவர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் தெரிந்த புதுப்பேட்டை வேறு. கம்பெனி ஷோரூமில் “அந்தப் பாகம் இப்போது வருவதில்லை” என்று கைவிரித்த பிறகு, அவர்கள் வந்து நிற்கும் ஊர் இது.

இங்கே கடைக்காரரின் முதல் கேள்வி விலையைப் பற்றியதாக இருக்காது. “பாய், ஃபிகோ டீசலுக்கு டர்போ இருக்கா?” என்று ஒரு மெக்கானிக் கேட்டால், “பழசு எடுத்தாந்தியா தம்பி? அதுல இருக்குற நம்பரக் காட்டு” என்பதுதான் பதில். பாகத்தில் அடித்திருக்கும் எண்ணோ, வண்டியின் இன்ஜின் நம்பரோ கையில் இல்லாமல் வருபவருக்குப் பொறுப்பான கடைக்காரர் பொருளை எடுத்துக் கொடுக்க மாட்டார். அந்தக் கறாரான பழக்கத்துக்குக் காரணம் இருக்கிறது. பழைய டீசல் காருக்குப் பாகம் வாங்கும்போது, காரின் பெயர் பாதி வழி வரைதான் துணைக்கு வரும்.

அம்பாசிடரையே எடுத்துக்கொள்ளலாம். பெட்ரோல் அம்பாசிடரில் நெடுங்காலம் இருந்தது 1489 சி.சி. இன்ஜின். பிறகு வந்த டீசல் அம்பாசிடரிலும் அதே 1489 சி.சி.தான். இரண்டும் பிரிட்டனின் பி.எம்.சி. நிறுவன வடிவமைப்பிலிருந்து வந்தவை. கொள்ளளவு ஒன்று என்பதற்காக ஒன்றின் பிஸ்டனை மற்றொன்றில் போட முடியாது. டீசல் அழுத்தப்பட்ட காற்றின் சூட்டாலேயே எரிய வேண்டியிருப்பதால், அதன் பிஸ்டனும் ஹெட்டும் எரிஅறையும் வேறு மாதிரி. அதற்கப்புறம் வந்தது இசுசுவின் 1995 சி.சி. டீசல். கான்டெஸா டீசலிலும் இதே இன்ஜின்தான். ஆகவே ‘அம்பாசிடர் டீசல் ஹெட் கேஸ்கெட்’ என்று மட்டும் கேட்பவருக்குச் சரியான பாகம் கிடைப்பது தற்செயல். ‘இசுசு ரெண்டு லிட்டர்’ என்று கேட்பவரோ, அம்பாசிடர் கடையில் இல்லாவிட்டால் கான்டெஸா உடைத்த கடையில் வாங்கிக்கொண்டு போய்விடலாம். உத்தரபாரா ஆலையில் அம்பாசிடர் உற்பத்தி 2014-இல் நின்றுபோனது. கார் நின்ற பிறகும் இந்த அறிவு நிற்கவில்லை, கடைக்காரர்களிடம் இருக்கிறது.

இன்னும் சிக்கலான கதை ஃபியட்டின் 1.3 மல்டிஜெட். 2007-இல் மாருதி ஸ்விஃப்ட் டீசலில் இடம்பிடித்த இந்த 1248 சி.சி. இன்ஜின், பிறகு டிசையர், ரிட்ஸ், எர்டிகா, சியாஸ் என்று மாருதியிலும், இண்டிகா விஸ்டா, மான்ஸா என்று டாடாவிலும், புன்டோ, லீனியா என்று ஃபியட்டிலும், செவ்ரோலே செயிலிலும் ஓடியது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகை விதிகள் வந்தபோது மாருதி டீசலையே கைவிட்டது. இத்தனை கார்களில் ஒரே இன்ஜின் என்பது உரிமையாளருக்குப் பெரிய வசதி. மாருதி பாகம் கிடைக்காதபோது டாடா பாகம் கைகொடுக்கலாம். ஆனால் ஸ்விஃப்டில் இருப்பது 75 குதிரைசக்தி, எர்டிகாவில் 90. முதலாவதில் சாதாரண டர்போ, இரண்டாவதில் உள்ளே இதழ்கள் திறந்து மூடும் டர்போ. வெளியே பார்த்தால் தம்பி அண்ணன் போல இருக்கும் இரண்டையும் மாற்றிப் போட்டால் வண்டி புகை தள்ளும், இழுவை இருக்காது. ஆயில் சம்ப், பிராக்கெட், வயரிங் இணைப்புகளும் கம்பெனிக்குக் கம்பெனி மாறலாம்.

சென்னைக்கே உரிய, தயாரிப்பு நின்றுபோன இரண்டு அனாதைகளும் இந்தத் தெருக்களில் உண்டு. ஒன்று, திருவள்ளூர் அருகே ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் 1998 முதல் தயாரான மிட்சுபிஷி லான்சர். அதன் டீசல் இன்ஜின் 1998 சி.சி. இன்னொன்று ஃபோர்டு. மறைமலைநகர் ஆலையிலிருந்து ஐகான், ஃபியஸ்டா, ஃபிகோ என்று வரிசையாக டீசல் கார்கள் வந்தன. 2021-இல் ஃபோர்டு இந்திய உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது, 2022-இல் மறைமலைநகரிலிருந்து கடைசிக் கார் வெளியேறியது. ஃபிகோவின் 1.4 டீசல், பிரான்சின் பியூஜோ, சித்ரோயன் குழுமத்துடன் சேர்ந்து ஃபோர்டு உருவாக்கிய இன்ஜின். அதில் டைமிங் பெல்ட். மல்டிஜெட்டில் டைமிங் செயின். சங்கிலி உள்ள இன்ஜினுக்கே பழகிய கை, பெல்ட் மாற்றும் கெடுவை மறந்துவிட்டால் வால்வுகள் வளைந்து ஹெட் வேலை வரை போய்விடும்.

பாகத்தின் அளவைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் பணம் வீணாவது இங்கேதான். பத்து, பதினைந்து வருடம் ஓடிய இன்ஜின் பெரும்பாலும் ஏற்கெனவே ஒருமுறை பிரிக்கப்பட்டிருக்கும். கிராங்க்கை அப்போது லேத்தில் தேய்த்திருந்தால் ஸ்டாண்டர்டு பேரிங் உட்காராது. தேய்த்த அளவுக்கேற்ப 0.25 மி.மீ., 0.50 மி.மீ. என்று தடித்த பேரிங் வேண்டும். போர் போட்டிருந்தால் பிஸ்டனும் ரிங்கும் ஓவர்சைஸ். கடைக்குப் போவதற்கு முன் மைக்ரோமீட்டரில் அளந்து எழுதிக்கொண்டு போகிறவர்தான் ஒரே தடவையில் வேலையை முடிக்கிறார். ஹெட் கேஸ்கெட்டிலும் இதே கதை. பல டீசல் இன்ஜின்களுக்கு ஒரே கேஸ்கெட் இரண்டு மூன்று தடிமனில் வருகிறது. விளிம்பில் இருக்கும் வெட்டுகளையோ துளைகளையோ எண்ணித் தடிமனை அறியலாம். பிளாக்கின் மேற்பரப்பைவிடப் பிஸ்டன் எவ்வளவு மேலே வருகிறது என்று டயல் கேஜில் பார்த்துத்தான் எந்தத் தடிமன் என்று முடிவு செய்ய வேண்டும். இதைப் பார்க்காமல் ‘கிடைத்ததைப் போடு’ என்றால் காலையில் ஸ்டார்ட் ஆகாது, அல்லது பிஸ்டன் ஹெட்டில் இடிக்கும்.

காமன் ரெயில் இன்ஜின்களின் இன்ஜெக்டர் இன்னும் நுட்பமானது. பெரும்பாலான இன்ஜெக்டர்களின் தலையில் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறியீடு பொறித்திருக்கும். ஒவ்வொரு இன்ஜெக்டரும் எவ்வளவு டீசலைத் தெளிக்கிறது என்ற சிறு வேறுபாட்டைச் சொல்லும் குறியீடு அது. ஸ்கேனர் வைத்து அதை வண்டியின் இன்ஜின் கணினியான இ.சி.யு.வில் ஏற்ற வேண்டும். புதுப்பேட்டையில் கழட்டின இன்ஜெக்டரை வாங்கி, குறியீட்டை ஏற்றாமல் மாட்டிவிட்டு, “பாகம் சரியில்லை” என்று திருப்பிக் கொடுக்க வருபவர்களும் உண்டு. பாகம் சரியாகத்தான் இருக்கும்.

இந்த ஊரை வெறும் காயலான் கடைத் தெரு என்று ஒதுக்குவது பெரிய பிழை. சென்னை ஒரு காலத்தில் டீசல் இன்ஜினின் பாகங்களை வார்த்துக் கொடுத்த நகரம். அண்ணா சாலையில் நிற்கும் சிம்சன் நிறுவனம் பெர்கின்ஸ் டீசல் இன்ஜின்களைத் தயாரித்தது. செம்பியத்தில் 1949-இல் தொடங்கிய இந்தியா பிஸ்டன்ஸ், 1959-இல் தொடங்கிய ரானே இன்ஜின் வால்வ்ஸ், 1961-இல் பாடியில் வந்த லூகாஸ் டி.வி.எஸ். எல்லாம் இந்த மண்ணின் தொழில்கள். புதிய பாகம் வேண்டுபவர் ராயப்பேட்டை போகும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடுக்குப் போகலாம், கழட்டின சாமான் வேண்டுபவர் புதுப்பேட்டைக்கு வரலாம். இரண்டுக்கும் நடுவே நடந்தே போகக்கூடிய தூரம்தான்.

எதைப் பழசாக வாங்கலாம், எதை வாங்கவே கூடாது என்பதில் நல்ல மெக்கானிக்குகளிடையே ஏறத்தாழ ஒரே கருத்து இருக்கிறது. பிளாக், ஹெட், இன்டேக் மேனிஃபோல்டு, சம்ப், பிராக்கெட் போன்ற வார்ப்பு இரும்பு, அலுமினியப் பாகங்களை, விரிசல் சோதித்துவிட்டுத் தாராளமாக வாங்கலாம். ஆல்டர்னேட்டரும் ஸ்டார்ட்டரும் கடையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லி வாங்கத்தக்கவை. பேரிங், ரிங், கேஸ்கெட், ஆயில் சீல், டைமிங் பெல்ட், செயின், ஹெட் போல்ட் ஆகியவற்றை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் பழசாக வாங்கக் கூடாது. நான்கு லட்ச ரூபாய் காரை நானூறு ரூபாய் போல்ட்டில் பணயம் வைக்க வேண்டியதில்லை.

முழு இன்ஜின் வாங்குபவர்களுக்குச் சட்டமும் இருக்கிறது. இன்ஜின் நம்பர் ஆர்.சி.யில் பதிவானது. வேறு நம்பருள்ள இன்ஜினைப் பொருத்தினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அதைப் பதிய வேண்டும். அதற்குப் பில் வேண்டும், எந்த வண்டியிலிருந்து கழட்டியது என்ற விவரம் வேண்டும். ஒரு வண்டி பயன்படாமல் போனாலோ உடைக்கப்பட்டாலோ அதன் உரிமையாளர் 14 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு சொல்கிறது. பில் தர மறுக்கும் கடையில் இன்ஜின் வாங்குவது திருட்டு வண்டிக்குக் கதவு திறந்துவிடுவதுதான். நேர்மையாகத் தொழில் செய்யும் பக்கத்துக் கடைக்கும் அது கெட்ட பெயர்.

டெல்லி வட்டாரத்தில் 10 ஆண்டு தாண்டிய டீசல் கார்களுக்கு நீதிமன்ற உத்தரவுகள் முட்டுக்கட்டை போட்டன. தமிழ்நாட்டில் 15 ஆண்டு முடிந்த சொந்தக் காரைப் பரிசோதனைக்கு உட்படுத்தி, கட்டணம் கட்டி, மேலும் ஐந்து ஆண்டுக்குப் பதிவைப் புதுப்பிக்கலாம். அந்தக் காரை ஒழுங்காக, புகை தள்ளாமல் ஓட்ட வேண்டுமானால் சரியான பாகம் வேண்டும். தவறான டர்போவும் தேய்ந்த இன்ஜெக்டரும் உள்ள டீசல் கார்தான் ஊருக்குக் கேடு.

கூவத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஊரை முடிக்க முடியாது. ஒட்டியுள்ள கோமளீசுவரன்பேட்டையில், 18-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பச்சையப்ப முதலியார் கூவத்தில் நீராடிக் கோமளீசுவரரை வணங்கியதாக அவர் வரலாற்றில் சொல்வார்கள். இன்று அதே கரையில் கழிவு ஆயில் சிந்திய தரை. வண்டியை உடைக்கும் இடத்தில் சிமென்ட் தரையும், ஆயிலைச் சேர்த்து வாங்கிப்போகும் ஏற்பாடும் மாநகராட்சியால் செய்ய முடியாத பெரிய வேலைகள் இல்லை. கடைகளை நகருக்கு வெளியே மாற்றுவது பற்றிய பேச்சு பல ஆண்டுகளாக இருக்கிறது. மாற்றுவதென்றால் உடைப்பவர், லேத்காரர், பம்ப் காலிபரேஷன் செய்பவர், பாகம் விற்பவர் எல்லோரையும் ஒரே இடத்தில், ஒன்றாகக் குடியேற்ற வேண்டும். ஒருவர் மணலியிலும் மற்றவர் தாம்பரத்திலும் போய் உட்கார்ந்தால் இந்தச் சந்தை செத்துவிடும். அதோடு ஆயிரக்கணக்கான பழைய கார்களும் நின்றுவிடும்.

பாகம் தேடிப் போகிறவர்கள் ஆர்.சி. நகலையும், இன்ஜின் நம்பரின் படத்தையும், துடைத்த பழைய பாகத்தையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். பில் கேட்டு வாங்குங்கள்.